பந்து இல்லாதவன் எங்க ஓடணும்? கால்பந்து கேள்வி பதில்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கத்துல பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் பயிற்சி கொடுக்கறவங்க, ஆடறவங்க அனுப்பின கேள்விகள்ல தாக்குதல் ஆட்டம், பாஸிங் பத்தினதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி (பொள்ளாச்சி, பள்ளி பி.டி. ஆசிரியர்): வணக்கங்க. கோன் வெச்சு பாஸ் போடச் சொன்னா பசங்க அருமையா போடறாங்க. மேட்ச்னு வந்தா மூணாவது பாஸ்லயே பந்தை விட்டுடறாங்க. ஏனுங்க இப்படி?

பதில்: கோன் பந்தைப் பறிக்க வராதுங்களே! வரிசையில நின்னு எதிர்ல இருக்கறவனுக்குத் தட்டினா கால் பழகும், கண்ணு பழகாது. அந்த மாதிரி டிரில்லை முதல் பத்து நிமிஷம் உடம்பைச் சூடேத்த வெச்சுக்கங்க. அப்புறம் ரோண்டோவுக்குப் போயிடுங்க. பத்துக்குப் பத்து மீட்டர் சதுரம், ஓரத்துல நாலு பேர், நடுவுல பறிக்க ரெண்டு பேர். ஓரத்துல இருக்கறவங்க ரெண்டு டச்சுக்குள்ள, அதாவது பந்தை ரெண்டு தடவைக்கு மேல தொடாம, பாஸ் போடணும். பந்தை விட்டவன் உள்ள போகணும். நெதர்லாந்து ஜாம்பவான் யோஹன் கிரைஃப் பார்சிலோனா கிளப்புக்குக் கோச்சா இருந்தப்ப தினசரிப் பயிற்சியில இதுக்குத்தான் முக்கிய இடம்.

நடுவுல இருக்கற ரெண்டு பேருக்கும் இடையில புகுந்து போற பாஸுக்கு ரெண்டு பாயிண்ட்னு வெச்சுப் பாருங்க. பசங்க தானா தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பிப்பாங்க. நீங்க பந்தைப் பார்க்காதீங்க. பந்து வெச்சிருக்கறவனுக்கு ரெண்டு பக்கமும் நிக்கறவங்களைப் பாருங்க. பாஸ் வர வழி கிடைக்கற மாதிரி ரெண்டடி நகர்றாங்களா, வர்ற பந்தைத் தூரத்துக் கால்ல, அதாவது பந்து வர்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கால்ல, வாங்கறாங்களா? பக்கத்துக் கால்ல வாங்கினா உடம்பு பந்து வந்த திசையைப் பார்த்தே மூடிக்கும், அடுத்த பாஸ் பின்னாடிதான் போகும்.

கேள்வி (ஈரோடு, கல்லூரி அணி கேப்டன்): எங்க ஃபார்வர்டு நல்ல வேகம் அண்ணா. ஆனா எந்நேரமும் ஆஃப்சைடு.

பதில்: வேகமா ஓடற பசங்களுக்கு வர்ற வியாதிதான் தம்பி. எதிரணிப் பாதியில, பந்தையும் கடைசிக்கு முந்தின எதிராளியையும் (கோல்கீப்பரையும் சேர்த்து எண்ணணும்) தாண்டி நின்னு பாஸ் வாங்கறதுதான் ஆஃப்சைடு. நம்ம ஆளு பந்தை உதைக்கற அந்த நொடியில எங்க இருந்தான்னுதான் ரெஃப்ரி பார்ப்பார். பந்து வாங்கற இடம் கணக்கில்லை. கடைசிக்கு முந்தின எதிராளிக்கு நேரா இருந்தாலும் ஆன்சைடுதான்.

பாஸ் போடறவனோட தலையைப் பார்க்கச் சொல்லுங்க. பந்து அவன் காலுக்கடியில மாட்டிட்டு இருந்தா அவனால நீளமா போட முடியாது, அப்ப ஓடறது வீண். ஒரு டச்சுல பந்தை அரை மீட்டர் முன்னாடி தள்ளித் தலையை நிமிர்த்தறானே, அப்பதான் கிளம்பணும். அதுவரைக்கும் டிஃபென்ஸ் லைனுக்கு இணையாக் குறுக்கால ஓடிட்டிருந்துட்டு, அந்த நொடியில வளைஞ்சு உள்ள புகச் சொல்லுங்க. நின்ன இடத்துல இருந்து நேரா ஓடறதைவிட வேகமும் கிடைக்கும். இன்னொண்ணு: த்ரோ-இன், கோல் கிக், கார்னர்ல நேரடியா வர்ற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது. த்ரோ-இன் எறியறப்ப உங்க வேகக்காரனை டிஃபெண்டருக்குப் பின்னாடியே நிறுத்துங்க. நம்ம பக்கத்து டீம்கள்ல இதை யாரும் சரியாப் பயன்படுத்தறதில்லைங்கறது என் ஆதங்கம்.

கேள்வி (கோவை, பெண்கள் அணிப் பயிற்சியாளர்): தேர்ட் மேன் ரன்னை எப்படி சொல்லிக் கொடுக்கறதுங்க? போர்டுல வரைஞ்சா புரியுது, கிரவுண்டுல வர மாட்டேங்குது.

பதில்: ரெண்டு பேர் பாஸ் மாத்திக்கறப்ப மூணாவது ஆள் ஓடி வந்து பந்தை வாங்கறதுதான் தேர்ட் மேன் ரன். மூணு பேரை வெச்சு ஆரம்பிங்க. ஆறாம் நம்பர் (டிஃபென்ஸுக்கு முன்னாடி ஆடற நடுக்கள ஆள்) பந்தோட நிக்கறா. ஒன்பதாம் நம்பர் (நடு ஃபார்வர்டு) கீழ இறங்கி வந்து பந்து கேக்கறா. அவ பின்னாடியே ஸ்டாப்பர் (எதிரணியோட நடு டிஃபெண்டர்) ஒட்டிக்கிட்டு வருவா, அங்க ஒரு இடம் காலியாகும். ஆறு ஒன்பதுக்குப் போடறா, ஒன்பது திரும்பாம ஒரே டச்சுல பக்கவாட்டுல விடறா, ஓடி வர்ற எட்டாம் நம்பர் (இன்னொரு நடுக்கள ஆள்) அதை எடுத்துட்டு அந்தக் காலி இடத்துக்குள்ள போறா.

கிரவுண்டுல கெட்டுப்போறது பெரும்பாலும் ஒரே இடத்துல: ஒன்பதுக்குப் பந்து போய்ச் சேர்ந்ததும்தான் எட்டு கிளம்புவா. அது லேட்டுங்க. ஆறோட கால்ல இருந்து பந்து கிளம்பி உருண்டுட்டு இருக்கறப்பவே எட்டு ஓடிட்டு இருக்கணும். அந்த நேரத்துலதான் எதிரணி மொத்தமும் பந்தைப் பார்த்துட்டு இருக்கும், தன் ஆளை விட்டிருக்கும். முதல் வாரம் டிஃபெண்டர் பேருக்கு நிக்கட்டும், அடுத்த வாரம் நிஜமாப் பறிக்கட்டும். மூணாவது வாரம், பந்தை விடாம தானே திரும்பிப் போற உரிமையும் ஒன்பதுக்குக் கொடுங்க. இல்லாட்டி டிஃபெண்டருக்கு விடை முன்னாடியே தெரிஞ்சுடும்.

நம்ம கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமா வெச்சு ஆடின சென்னை சிட்டி கிளப் 2018-19ல தேசிய அளவிலான ஐ-லீக் போட்டியை ஜெயிச்சது ஞாபகம் இருக்கும். அவங்க ஃபார்வர்டு பெட்ரோ மான்சி 21 கோல் அடிச்ச சீசன் அது. அந்த மேட்ச் வீடியோ கிடைச்சா, பந்தை விட்டுட்டு அவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்க உங்க ஒன்பதாம் நம்பரை.

கேள்வி (உடுமலை, கிளப் அணி): ஆடிக் காத்துல பாஸிங்கே பண்ண முடியலீங்க. கிரவுண்டும் மண்ணும் கல்லுமா கிடக்குது.

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்க இருந்துதான் வரும், அதனால எந்தப் பாதியில என்ன ஆடறதுன்னு டாஸுக்கு முன்னாடியே திட்டம் போடலாம். காத்து முதுகுல அடிச்சா, டிஃபென்ஸுக்கு மேல தூக்கிப் போடற பந்து நேரா கோல்கீப்பர் கைக்குப் போயிடும். அந்தப் பாதியில தரையோட, காலுக்கே பாஸ் போடுங்க, தூரத்துல இருந்தே ஷாட் எடுங்க. காத்து மூஞ்சியில அடிச்சா, தூக்கிப் போட்ட பந்து தயங்கி விழும், ஓடறவனால எட்டிப் பிடிக்க முடியும். நிறையப் பேர் இதைத் தலைகீழா ஆடறாங்க. கல்லு கிரவுண்டுல ஒன் டச் டிரில் வேண்டாம், மூணு டச் கொடுங்க.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி டீம்): ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம்தான் கிடைக்குது.

பதில்: போதும். பத்து நிமிஷம் ரோண்டோ, இருபது நிமிஷம் மூணு பேர் தாக்க ரெண்டு பேர் தடுக்கறது. பந்து வெச்சிருக்கறவன் டிஃபெண்டர் தன்மேல வர்ற வரைக்கும் பாஸ் போடாம அவனை நோக்கியே ஓட்டணும். சீக்கிரமே விட்டுட்டா டிஃபெண்டர் ரெண்டு பேரையும் பார்த்துக்குவான். மீதி நேரம் அஞ்சுக்கு அஞ்சு மேட்ச். பாஸ் போட்டுட்டு நின்னா பந்து எதிரணிக்குன்னு ஒரே ஒரு விதி.

கேள்வி (கோபி, ஒரு அம்மா): பொண்ணுக்குப் பத்து வயசுங்க. எந்தப் பந்து வாங்கறது? வீட்ல என்ன பழகட்டும்?

பதில்: நாலாம் நம்பர் பந்து வாங்குங்கம்மா, அஞ்சு இப்ப வேண்டாம். காம்பவுண்டுச் சுவர்ல தட்டி, திரும்பி வர்றதை ஒரு கால்ல வாங்கி மறுகால்ல போடட்டும். பந்து வர்றதுக்குள்ள ஒரு தடவை தோளுக்குப் பின்னாடி திரும்பிப் பார்க்கணும். நீங்க பின்னாடி நின்னு விரல் காட்டுங்க, எத்தனைன்னு அவ சொல்லட்டும்.