வெளுத்துப்போகும் ஆக்ஸோலாட்டில் முட்டைகள்

சேலத்தில் நீங்கள் வளர்க்கும் ஆக்ஸோலாட்டில் (நீரிலேயே வாழும், வாலுள்ள சாலமாண்டர் வகை) இட்ட முட்டைகள் ஏன் வெளுத்துப்போகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். வெளுத்துப் பூஞ்சை படிந்த முட்டைகளை உடனே அகற்றிவிடுங்கள். கூழுறைக்குள் கருப்பொட்டு நீண்டு வளைந்துவரும் முட்டைகளே உயிருள்ளவை. சேலத்து மே மாத வெயிலில் தொட்டி நீர் சூடேறுவதே முட்டைகள் வெளுக்கக் காரணமாக இருக்கலாம். பிற்பகல் 3 மணிக்கு வெப்பமானியை நீருக்குள் வைத்துப் பாருங்கள்: 16 முதல் 18 டிகிரி நல்லது, 24-ஐத் தாண்டினால் ஆபத்து. மின்விசிறிக் காற்று சில டிகிரிதான் குறைக்கும். நம் ஊருக்கு அது போதாது. நீர் குளிர்ந்திருந்தும் எல்லாம் வெளுத்தால், அவை கருவுறாத முட்டைகளாக இருக்கலாம்.

மிஞ்சும் குஞ்சுகளை ஏற்காடு ஏரியில் விட்டு அருகிவரும் இனத்தைக் காக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள், கூடவே கூடாது. அதன் தாயகம் மெக்சிகோவின் சோச்சிமில்கோ கால்வாய்கள். வீடுகளில் வளர்க்கப்படும் ஆக்ஸோலாட்டில்களின் வம்சவழிகளில் புலி சாலமாண்டர் என்ற வேறோர் இனத்தின் கலப்பும் உண்டு என்பதால் அங்கேகூட இவற்றை விட முடியாது. இங்கே விட்டாலோ, சேர்வராயன் மலைத் தவளைகளுக்கு நோய்ப்பூஞ்சை தொற்றக்கூடும். பெற்றோர் வழி தெரிந்த விலங்குகளைப் பதிவேட்டுடன் பேணும்போதுதான் தனியார் வளர்ப்பு இனக்காப்புக்குப் பயன்படும். ஆக்ஸோலாட்டில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிரினம். ஆகவே மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து, பிறக்கும் குஞ்சுகளையும் தெரிவித்தாக வேண்டும்.