கொழுப்பு வரியோடிய உயர்தர ஸ்டேக்கை வீட்டில் கெடுக்காமல் சமைப்பது எப்படி?

நான்கு சென்டிமீட்டர் தடிமனில் நல்ல ரிப்-ஐ துண்டு, அதாவது மாட்டின் விலாப் பகுதி இறைச்சி, ஒன்று கையில் இருக்கிறது, சமையலறையில் சாதாரண அடுப்பும் ஓவனும்தான் உண்டு, இவ்வளவு உயர்ந்த இறைச்சியை ரேர் பதத்துக்கு (நடுவே நன்றாகச் சிவந்திருக்கும் அரைவேக்காடு) மேல் வேகவிட்டால் பாவம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர்கள் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கொழுப்பு வரி நிறைய ஓடிய துண்டை ரேர் பதத்தில் இறக்குவதுதான் அதற்குச் செய்யும் அநியாயம்.

இந்தத் துண்டுக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம், சிவந்த தசைக்கு நடுவே ஓடும் அந்த வெள்ளை இழைகளுக்காகத்தான். ரேர் என்றால் நடுப்பகுதி 50 டிகிரி செல்சியஸ் அருகே நிற்கும். அந்தச் சூட்டில் கொழுப்பு இளகத் தொடங்கியிருக்கும், ஆனால் உருகித் தசைக்குள் பரவியிருக்காது. மெல்லும்போது மெழுகைப் போல மேலண்ணத்தில் ஒட்டும். டெண்டர்லாயின் என்ற, கொழுப்பு குறைந்த மென்மையான இடுப்புச் சதைக்கு ரேர் பொருந்தும், ஏனென்றால் அங்கே உருக வேண்டியது அதிகம் இல்லை, ஈரத்தைக் காப்பாற்றினால் போதும். ரிப்-ஐ வேறு விஷயம். அதற்கு நான் வைத்திருக்கும் இலக்கு 56 முதல் 58 டிகிரி, அதாவது ரேருக்கு அடுத்த பதமான மீடியம் ரேரின் மேல் எல்லை. 60-ஐத் தொட்டாலும் பதற மாட்டேன். 65-ஐத் தாண்டும்போதுதான் தசைப் புரதங்கள் நன்றாக இறுகிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். கொழுப்பு அதிகமுள்ள துண்டு அதைக்கூட ஓரளவு தாங்கும். கொழுப்பு இல்லாத துண்டு தாங்காது. விலை உயர்ந்த இறைச்சி என்று பயப்படுகிறீர்கள், ஆனால் உண்மையில் மன்னிக்கும் குணம் அதற்குத்தான் அதிகம்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே போக்கிவிடுகிறேன். தட்டில் வடியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல. தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மையோகுளோபின் என்ற புரதம் கலந்த தண்ணீர்.

சமைப்பதற்கு முன் துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நூல் போன்ற மெல்லிய வரிகள் பரவலாக ஓடினால் நல்லது. அங்கங்கே திரண்ட கட்டிகளாக இருந்தால் அவை முழுதாக உருகாது, ஓரமாக ஒதுக்கத்தான் நேரும். ரிப்-ஐயில் நடுவே வட்டமான 'கண்', அதைச் சுற்றி வெளிப்புறத்தில் வளைந்து படுத்திருக்கும் 'தொப்பி' என்று இரண்டு பகுதிகள் தெரியும், நடுவில் ஒரு கொழுப்புக் கோடு பிரிக்கும். அந்தத் தொப்பிதான் மாட்டின் மொத்த உடலிலும் சுவையான சதை என்பது என் தீர்மானமான கருத்து. விருந்தினர் வந்தால் கண்ணை அவர்களுக்கு வெட்டி வைத்துவிட்டுத் தொப்பியை என் தட்டுக்கு நகர்த்திக்கொள்வேன். கேட்பவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்வேன்.

வரிகள் வலை பின்னியது போல எங்கும் ஒரே சீராக இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். ஊசிகளால் கொழுப்பைச் செலுத்தி வரி உண்டாக்கிய இறைச்சியும் விற்பனையில் உண்டு. சாப்பிடக்கூடாதது என்றில்லை. ஆனால் ஊசி மேற்பரப்பிலுள்ள கிருமியை உள்ளே கொண்டு போயிருக்கும், ஆகவே அதை நடுவில் இளஞ்சிவப்பாக விடாமல் முழுதாக வேகவைத்தே ஆக வேண்டும். வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இனி உப்பு. பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது, ஆனால் அடுப்பில் நடக்கும் வாண வேடிக்கைக்குக் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. முந்தைய நாள் இரவே துண்டின் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம் உப்பை, அதாவது 400 கிராமுக்கு 4 கிராம், எல்லாப் பக்கமும் தடவிக் கம்பித் தட்டின் மேல் வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் விட்டுவிடுங்கள். முதலில் உப்பு ஈரத்தை வெளியே இழுக்கும், மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோக்கும். அந்த நீரில் உப்பு கரைந்து, மெதுவாக மறுபடியும் உள்ளே போகும். இந்தச் சுற்று முடிய முக்கால் மணி நேரமாவது வேண்டும். அதனால்தான் உப்புப் போட்டுப் பத்து, இருபது நிமிடத்தில் அடுப்பில் வைப்பது இருப்பதிலேயே மோசமான வழி: ஈரம் வெளியே வந்து நிற்கும், உள்ளே போயிருக்காது. அவகாசமே இல்லையென்றால் வாணலியில் வைப்பதற்குச் சற்று முன் போடுங்கள். இடைப்பட்ட நேரம் மட்டும் ஆகாது.

இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் திறந்து கிடந்த துண்டு காலையில் சற்றுக் கருத்து, தொட்டால் காகிதம் போல உலர்ந்திருக்கும். கெட்டுவிட்டதோ என்று நினைக்க வேண்டாம், நமக்கு வேண்டியதே அதுதான். பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீய் மெய்யார் 1912-இல் விவரித்த வினைதான் இறைச்சிக்குப் பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகிறது. அது வேகமெடுக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மேற்பரப்பில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐத் தாண்டாது; வாணலியின் அனல் முழுதும் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகும். அது வற்றி முடிவதற்குள் உள்ளே ஒரு விரல் ஆழம் சாம்பல் நிறமாகியிருக்கும். மிளகைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், சூடான வாணலியில் அது கருகிக் கசக்கும்.

சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்ற அறிவுரையை நான் பின்பற்றுவதில்லை. தடித்த துண்டின் நடுப்பகுதி அந்த நேரத்தில் சில டிகிரிதான் ஏறும். உறைந்த துண்டானால் மட்டும் முந்தைய நாளே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மெதுவாக இளகவிட வேண்டும்.

உங்களிடம் ஓவன் இருப்பதால் வேலை சுலபம். முதலில் மெல்லிய சூட்டில் உள்ளே வேகவைத்து, கடைசியில் மேல்புறத்தை முறுகவிடும் தலைகீழ் முறையையே சொல்வேன். ஓவனை 110 அல்லது 120 டிகிரியில் வைத்து, துண்டைக் கம்பித் தட்டோடு உள்ளே வையுங்கள். தெர்மாமீட்டர் முனையைப் பக்கவாட்டிலிருந்து சரியாக நடுவில் செருகுங்கள். மேலிருந்து குத்தினால் நடுவைத் தாண்டி அளவு தப்பும், கொழுப்புக் கட்டியில் பட்டாலும் தப்பும். நடுப்பகுதி 50 டிகிரி காட்டும்போது எடுத்துவிடுங்கள். இந்தத் தடிமனுக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகலாம், ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு ஓவனுக்கும் ஒரு குணம். விரலால் அழுத்திப் பதம் பார்ப்பதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. தினமும் நூறு துண்டு சுடுகிற சமையல்காரருக்கு அது சரி. எப்போதோ ஒரு முறை வாங்குகிற நமக்குத் தெர்மாமீட்டர்தான் துணை.

ஓவனில் இருக்கும்போதே வாணலியைத் தயார் செய்யுங்கள். அடி கனத்த வார்ப்பிரும்பு வாணலி வேண்டும். வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், ஆகவே நிதானமான தீயில் பல நிமிடம் காயவிட்டால்தான் எல்லா இடமும் சமமாகச் சூடேறும். ஏறிய பிறகு, குளிர்ந்த எதை வைத்தாலும் சட்டென்று தணியாது. ஒட்டாத பூச்சுள்ள வாணலியை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், வெளிவரும் புகை நல்லதல்ல. ஜன்னலைத் திறந்து, புகை விசிறியையும் போட்டுவிடுங்கள்.

ஓவனிலிருந்து வந்த துண்டின் மேல் ஈரம் இருந்தால் காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். இப்போது அதை வாணலியில் படுக்கவைக்காமல், இடுக்கியால் பிடித்துக் கொழுப்பு விளிம்பு கீழே படும்படி நிற்கவையுங்கள். முதலில் ஒரு சின்னச் சீறல். அரை நிமிடத்தில் விளிம்பு கண்ணாடி போலத் தெளியும், பிறகு அதன் அடியிலிருந்து பொன்னிறக் கொழுப்பு வழிந்து வாணலியில் பரவும். இரண்டு நிமிடத்தில் விளிம்பு முறுகிவிடும், பொரிப்பதற்குத் தேவையான எண்ணெயும் அதிலிருந்தே கிடைத்துவிடும். தனியாக எண்ணெய் ஊற்றும் அவசியம் எனக்குப் பெரும்பாலும் ஏற்படுவதில்லை. பிறகு படுக்கவைத்து, பக்கத்துக்கு ஒரு நிமிடம். நடுவில் மேடாக எழும்பிய இடம் வாணலியில் படவில்லையென்றால் லேசாக ஒரு நொடி தொட்டு அமர்த்தலாம், அவ்வளவுதான். அழுத்திப் பிழியக் கூடாது. என் மைத்துனருக்கு அடுப்பருகே வந்தாலே கை துறுதுறுக்கும். கரண்டியால் ஒரு அழுத்து அழுத்தி, "சத்தத்தைக் கேளுங்கள் அத்தான், எப்படி வேகிறது பாருங்கள்" என்பார். வேகும் சத்தமா அது? நான் காசு கொடுத்து வாங்கிய கொழுப்பு வெளியே கொட்டும் சத்தம்.

அதிகச் சூட்டில் மேல்புறத்தை முறுகவிட்டால் துளைகள் அடைபட்டுச் சாறு உள்ளேயே பூட்டப்படும் என்பது இன்னும் சாகாத நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலர் ஜஸ்டஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து அது, தவறு என்று எப்போதோ தெரிந்துவிட்டது. முறுகிய பிறகும் வாணலி சீறிக்கொண்டே இருக்கிறதே, அது வெளியேறும் ஈரம்தான். முறுகவிடுவது சுவைக்காக மட்டும்.

வெண்ணெய், பூண்டு, மூலிகைத் தழை போட்டுக் கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றுவது பார்க்க அழகு. கொழுப்பு குறைந்த துண்டுக்கு அது உதவும். உங்கள் துண்டுக்குத் தேவையில்லை என்பேன்: கொழுப்பின் மேல் கொழுப்பு, அதுவும் பாலின் வாசம் இறைச்சியின் வாசத்தை மூடிவிடும். ஆசை விடவில்லையென்றால் தீயைக் குறைத்து, கடைசி அரை நிமிடத்தில் போடுங்கள். அதிகச் சூட்டில் வெண்ணெயிலுள்ள பால் துகள்கள் கருகும்.

ஓவன் பழுதானாலோ துண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் குறைவானாலோ வாணலி மட்டும் போதும். மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு முறை புரட்டிக்கொண்டே இருங்கள். ஒரே ஒரு முறைதான் புரட்ட வேண்டும் என்ற விதிக்கு அடிப்படை எதுவும் இல்லை. அடிக்கடி புரட்டினால் இரு பக்கமும் சீராகச் சூடேறி, சீக்கிரமே வேகும், ஓரத்தில் சாம்பல் வளையமும் குறையும். 53 டிகிரியில் இறக்கிவிட்டால் மேற்பரப்பில் தங்கிய சூடு உள்ளே போய் மூன்று, நான்கு டிகிரி ஏற்றிவிடும். இந்த முறையில் ஐந்தாறு நிமிடம் ஆறவிட வேண்டும். தலைகீழ் முறையில் ஓரிரு நிமிடமே போதும்.

கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் சாப்பிடுவதாக இருந்தால் என் கணக்கை விட்டுவிடுங்கள். முழுத் துண்டுகளுக்கு அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்வது 63 டிகிரி, பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுதல். அரைத்த இறைச்சிக்கு 71. நல்ல ரிப்-ஐ 63-இலும் மென்மையாகவே இருக்கும், எனவே யாருக்கும் நட்டம் இல்லை.

பின்னொரு நாள் ஏ5 தர வாக்யு, அதாவது கொழுப்பு வரி மிகுந்த ஜப்பானிய மாட்டிறைச்சி, கைக்கு வந்தால் மேலே சொன்னது பொருந்தாது. அந்தக் குறியீட்டில் 'ஏ' என்பது உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறுகிறது என்பதைச் சொல்கிறது. 5 என்பதுதான் தரம். 12 வரை போகும் கொழுப்பு வரி அளவுகோலில் 8-க்குக் கீழே இருந்தால் அந்த 5 கிடைக்காது. அதில் ஓலியிக் அமிலம் என்ற, எளிதில் உருகும் கொழுப்பு அமிலம் அதிகம், ஆகவே கொழுப்பு மிகக் குறைந்த சூட்டிலேயே உருகும், விரலில் வைத்திருந்தாலே பளபளக்கத் தொடங்கும். நான்கு சென்டிமீட்டர் தடிமனில் அதைச் சுட்டு ஒரே ஆள் சாப்பிட முயன்றால் பாதியில் திகட்டிவிடும். ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம், ஓவனும் வேண்டாம். காய்ந்த வாணலியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும், ஒருவருக்கு நூறு கிராமே தாராளம். தணலில் சுடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். கொழுப்பு சொட்டிச் சொட்டித் தீ எழும்பும், கரிப்புகைதான் மிஞ்சும்.

வெட்டும்போது இழைகள் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே வெட்டுங்கள். தட்டைச் சுடவைத்துப் பரிமாறுங்கள். குளிர்ந்த தட்டில் உருகிய கொழுப்பு ஐந்தே நிமிடத்தில் உறைந்து வெள்ளைப் படலமாகிவிடும், பட்ட பாடெல்லாம் வீண். பக்கத்தில் புளிப்போ காரமோ இருக்கட்டும், எலுமிச்சைத் துண்டு, கடுகு விழுது எதுவானாலும். கனமான சாஸ் வேண்டாம்.

வாணலியில் தேங்கிய கொழுப்பை மட்டும் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், குழாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். வாணலி சூடாக இருக்கும்போதே உருளைக்கிழங்கையோ காளானையோ அதில் போட்டுப் புரட்டுங்கள். அப்படியும் மிஞ்சினால் வடிகட்டிக் கண்ணாடி டப்பாவில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம், அடுத்த முறை முட்டை பொரிக்க ஆகும்.