ஆள் கூடினால் விலை ஏறுவது ஏன்? விமானக் கட்டணம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: மகளின் வளைகாப்புக்காக நாங்கள் நால்வர் சென்னையிலிருந்து தில்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. எனக்கு மட்டும் தேடியபோது 5,400 ரூபாய் காட்டிய நேரடி விமானம், நால்வருக்கும் சேர்த்துத் தேடியதும் ஆளுக்கு 6,300 ரூபாய் ஆகிவிட்டது. ஐதராபாத்தில் இறங்கி வேறு விமானம் மாறினால் 4,900 ரூபாய்தான். பெங்களூரிலிருந்து புறப்பட்டால் 5,600 ரூபாய். இது என்ன கணக்கு? நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்ததைத் தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிட்டார்களா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அரசுப் பேருந்தில் போகும்போது முதலில் ஏறியவரும் கடைசியில் ஏறியவரும் ஒரே கட்டணத்தைத்தான் கொடுக்கிறார்கள், ஏனெனில் அது தூரத்துக்கான விலை. விமானக் கட்டணத்தையும் அதே கண்ணோடு பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. அதற்கு நெருக்கமான உதாரணம் காட்பாடியில் நின்று செல்லும் சதாப்தி ரயில். 2016 செப்டம்பரில் கொண்டுவரப்பட்ட முறைப்படி, அதில் ஒவ்வொரு 10 சதவீத இருக்கைகள் விற்றபிறகும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் உயர்ந்து, ஒரு வரம்பில் நின்றுவிடும். விமான நிறுவனங்கள் செய்வதும் இந்த வகையைச் சேர்ந்ததே. ஆனால் ரயில்வே தன் படிகளை முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. விமானத்தில் எந்தப் படியில் எத்தனை இருக்கைகள் என்பதை நிறுவனமே நாள்தோறும் மாற்றிக்கொள்கிறது, விற்பனை மந்தமானால் விலையை இறக்கவும் செய்கிறது.

சுமார் 180 இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தில், சாதாரண வகுப்பு ஒன்றே இருந்தாலும், அந்த இருக்கைகள் பல கட்டண அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து கொடுக்கப்பட்டிருக்கும். டிக்கெட் முகவர்கள் இதைத்தான் ‘கிளாஸ்’ என்கிறார்கள். நீங்கள் பார்த்த நேரத்தில் 5,400 ரூபாய் அடுக்கில் மூன்றோ அதற்குக் குறைவாகவோ இருக்கைகள் மீதமிருந்திருக்கலாம். நால்வருக்கும் ஒரே டிக்கெட்டாகக் கேட்டால், பல முன்பதிவுத் தளங்கள் மூவருக்கு ஒரு விலை, நான்காமவருக்கு வேறு விலை என்று பிரிக்காமல், நால்வருக்கும் இடமுள்ள அடுத்த அடுக்குக்கு எல்லோரையும் ஏற்றிவிடுகின்றன. ஆகவே குடும்பமாகப் போகிறவர்கள் முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு மூவருக்கு என்று தேடிப் பார்த்து, விலை எங்கே மாறுகிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். உதாரணமாக, மூன்று இருக்கைகள் குறைந்த விலையில் இருந்து நீங்கள் பிரித்து வாங்கினால் 2,700 ரூபாய் மிச்சமாகும். பிரித்து வாங்கினால் பிஎன்ஆர் எண்கள் இரண்டாகிவிடும் என்பதையும், விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாடு ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியாக நடக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். முதியவரையோ குழந்தையையோ தனி எண்ணில் விட வேண்டாம்.

ஐதராபாத் வழி மலிவாக இருப்பதற்குக் காரணம், நிறுவனம் விலை வைப்பது பறக்கும் தூரத்துக்கு அல்ல, புறப்படும் ஊரும் சேரும் ஊரும் சேர்ந்த இணைக்கு என்பதே. நேரத்தை மதிப்பவர் நேரடி விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பார். மாறிச் செல்லும் சிரமத்தை ஏற்பவரை இழுக்க விலையைக் குறைத்தாக வேண்டும். இதனால் சில நாட்களில் சென்னை–ஐதராபாத் டிக்கெட்டைவிட, ஐதராபாத் வழியாகத் தில்லி போகும் டிக்கெட் மலிவாகக்கூட இருக்கும். அதை வாங்கி வழியிலேயே இறங்கிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒப்படைத்த பெட்டி தில்லிக்குப் போய்விடும். ஒரு பகுதியில் பயணம் செய்யாவிட்டால் அதே டிக்கெட்டின் மீதிப் பகுதிகளை நிறுவனம் பொதுவாக ரத்து செய்துவிடும்.

பெங்களூர் கணக்கில் உங்களுக்குக் கிடைப்பது நால்வருக்கு 2,800 ரூபாய். அங்கே விமான நிலையம் நகரின் வடக்கே தேவனஹள்ளிப் பக்கம் இருப்பதால், ரயிலில் போய் இறங்கியபின் நகரைக் கடந்து மேலும் 35 கிலோமீட்டர் அளவுக்குப் போக வேண்டும். மீனம்பாக்கமோ சென்னையின் தெற்கு ஓரத்தில் இருப்பதால், நம் பக்கத்திலிருந்து காரில் போகிறவர்கள் நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. வாடகைக் கார் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். என் கணிப்பில் உங்களுக்குச் சென்னையே மேல்.

திரும்பத் திரும்பப் பார்த்ததால்தான் ஏறியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கு நேர்ந்ததை விளக்க அது தேவையில்லை. நீங்கள் யோசித்த ஒரு மணி நேரத்தில் யாரோ இருவர் வாங்கினாலே அடுக்கு தீர்ந்துவிடும். இடைத்தரகுத் தளம் பழைய விலையைக் காட்டிவிட்டுப் பணம் கட்டும்போது புதிய விலைக்கு மாறுவதும் உண்டு.

இவை எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவையே. 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 135ஆம் விதி, நியாயமான கட்டணத்தை நிறுவனமே நிர்ணயித்துக்கொள்ள இடம் தருகிறது. கொரோனா காலத்தில் 2020 மே மாதம் அரசு விதித்த கட்டண வரம்பும் 2022 ஆகஸ்ட் 31ஆம் தேதியுடன் நீக்கப்பட்டது. காலியாகப் பறந்த இருக்கையை மறுநாள் விற்க முடியாது என்பதால் விலை மாறுவதில் ஒரு வணிக நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த முறையில் மிக உயர்ந்த படி விழுவது கடைசி நேரத்தில் வாங்குகிறவர் தலையில். வேலூரில் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து, திடீரென்று ஊர் திரும்ப வேண்டிய குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களிடமும், நிறுவனச் செலவில் பறக்கும் அதிகாரியிடமும் ஒரே உச்ச விலையைக் கேட்பது எனக்கு ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. குறைந்தபட்சம், இந்த விலையில் எத்தனை இருக்கைகள் மீதமுள்ளன என்பதை எல்லாத் தளங்களிலும் காட்டச் செய்ய வேண்டும்.

வளைகாப்பு நாள் முடிவாகிவிட்டதால் இனியும் விலை இறங்கும் என்று காத்திருக்காமல், பிரித்துத் தேடிப் பார்த்து வாங்கிவிடுங்கள். ஒருவேளை பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால், ‘பணம் திரும்பாது’ என்று எழுதப்பட்ட டிக்கெட்டாக இருந்தாலும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் வரிகளையும் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. அதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் செய்யலாம்.