கேள்வி–பதில்: கலர் டிவி சிக்னலும் டிஜிட்டல் சிப்பும்

1980களில் வந்த டிஜிட்டல் டிவி செட்டுகளில் கிளாக் 17.7 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதே, ஏன் அந்த எண்?
– வாசகர், திண்டுக்கல்

ஐ.டி.டி. இன்டர்மெட்டால் என்ற சிப் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த 'டிஜிட் 2000' சிப் தொகுதியின் கிளாக் அது. 'பால்' (PAL) என்ற அனலாக் டிவி முறையில் கலரைச் சுமக்கும் துணை அலை 4.43361875 மெகாஹெர்ட்ஸ். நாலால் பெருக்கினால் 17.734475. கிளாக்கைக் கலர் பர்ஸ்ட்டோடு (ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வரும் துணை அலைத் துண்டு) சரியான கோணத்தில் பூட்டிவிட்டால், துணை அலையின் ஒவ்வொரு சுற்றிலும் விழும் நாலு சாம்பிள்களில் கலர் பகுதி, அதன் இரு கூறுகளான யு, வி, பிறகு மைனஸ் யு, மைனஸ் வி என்று வரும். குறியை மாற்றினாலே கலர் பிரிந்துவிடும், பெருக்கும் சர்க்யூட் வேண்டாம். வி மட்டும் வரிக்கு வரி தலைகீழாவதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

அனலாக் சிக்னலை எண்ணாக்கும் ஏ.டி.சி.யில் இன்னொரு சாமர்த்தியம். எல்லாப் படிகளையும் ஒரே நேரத்தில் ஒப்பிடும் 8 பிட் ஃப்ளாஷ் கன்வெர்ட்டருக்கு 255 கம்பேரேட்டர் (ஒப்பிடும் சர்க்யூட்) தேவை. 7 பிட்டுக்கு 127 போதும். அவர்கள் 7 பிட் வைத்து, ஒப்பிடும் வோல்ட்டேஜை ஒரு வரி விட்டு ஒரு வரி அரைப்படி நகர்த்தினார்கள். பக்கத்து வரிகளைக் கண் சேர்த்துப் பார்ப்பதால் 8 பிட் மாதிரியே தெரியும். சிக்னலை ஒரு வரி நேரம் தாமதப்படுத்தும் 64 மைக்ரோசெகண்ட் கண்ணாடி டிலே லைனின் வேலையும் மெமரிக்குப் போனது.

கல்யாண வி.எச்.எஸ். கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். காம்ப் ஃபில்டரை ஆன் செய்தால் புடவைக் கரையில் புள்ளிகள் ஊர்கின்றன. நல்ல ஃபில்டர் என்றுதானே சொல்கிறார்கள்?
– வாசகர், ஈரோடு

வெளிச்சத்தையும் கலரையும் பிரிக்கும் காம்ப் நல்லதுதான், ஒளிபரப்பு சிக்னலுக்கு. அங்கே ஒரு வரிக்குத் துணை அலை ஏறக்குறைய 283.75 சுற்று. ஒரு வரி தள்ளினால் முழுச் சுற்றுக்குக் கால் சுற்று குறையும். இரண்டு வரி தள்ளினால் சரியாக எதிர்முகம். அதனால்தான் 'பால்' காம்ப் இரண்டு வரி இடைவெளியில் கூட்டிக் கழிக்கிறது. கூட்டினால் கலர் அடிபட்டு வெளிச்சம் நிற்கும், கழித்தால் கலர் நிற்கும்.

வி.எச்.எஸ். இந்தக் கணக்கையே கலைத்துவிடுகிறது. டேப்பில் கலர் சுமார் 627 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பதிவாகிறது. பிளேயர் அதைத் தன் கிரிஸ்டலைக் கொண்டு 4.43-க்கு ஏற்றுகிறது. வரியின் நீளமோ டேப் ஓடும் ஆட்டத்துக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். 283.75 என்ற பொருத்தம் போனபின் எதிர்முகமும் இல்லை. அடிபடாத மிச்சம்தான் ஊரும் புள்ளி.

காம்பை அணைத்து, 4.43-ஐச் சுற்றி மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போடுங்கள். கூர்மை போய்விடுமே என்ற பயம் வேண்டாம். வி.எச்.எஸ். வெளிச்ச சிக்னலே சுமார் 3 மெகாஹெர்ட்ஸோடு முடிகிறது, 4.43-ல் வெட்டுவதால் இழப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பிளேயரில் எஸ்-வீடியோ இருந்தால் அதையே எடுங்கள், வெளிச்சமும் கலரும் தனித்தனியாகவே வரும், பிரிக்கும் வேலையே மிச்சம்.

படத்தின் மேல்பகுதி கொடி போல வளைந்தால் அது ஃபில்டர் குற்றமல்ல. ஹெட் மாறும் இடத்தில் வரி குதிக்கிறது, சிப்பின் வரிப் பூட்டு மெதுவாகத் துரத்துகிறது. டிரைவரில் 'வி.சி.ஆர். மோட்' இருந்தால் ஆன் செய்யுங்கள்; பூட்டு வேகமாகும்.

டிவிக்கும் கேப்சர் கார்டுக்கும் ஒரே கேபிளில் ஒய் போட்டுப் பிரித்தேன். கார்டில் படம் மங்கி இரைச்சலாக இருக்கிறது.
– வாசகர், நாகர்கோவில்

டிவியிலும் கார்டிலும் உள்ள இரண்டு 75 ஓம் ரெசிஸ்டர் பக்கவாட்டில் சேர்ந்து 37.5 ஓம் ஆகிவிட்டது. 1 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 0.67-தான் வரும், வரியின் தொடக்கத்தைக் காட்டும் சிங்க் 300 மில்லிவோல்ட்டிலிருந்து 200-க்கு இறங்கும். சிக்னல் அளவைத் தானே சரிசெய்யும் சிப்பின் ஏ.ஜி.சி. அதைத் தூக்கிப் பிடிக்கும்போது இரைச்சலும் கூடவே ஏறும். வீடியோ டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர் வையுங்கள், அல்லது டிவியைக் கழற்றுங்கள். இரண்டு பக்கமும் 75 ஓமை எடுத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்: அப்போது 2 வோல்ட் வந்து வெள்ளை வெளுத்துப்போகும்.

டிஜிட்டல் வீடியோவின் 13.5 மெகாஹெர்ட்ஸ் கிளாக் 'பால்', அமெரிக்க என்.டி.எஸ்.சி. இரண்டுக்கும் எப்படிப் பொருந்துகிறது?
– வாசகர், கோவை

625 வரி முறையில் ('பால்') வரிக்கு 864 சாம்பிள், 525-ல் (என்.டி.எஸ்.சி.) 858. இரண்டிலும் அதில் படம் உள்ள பகுதிக்கு 720. இந்தக் கிளாக் கலரோடு அல்ல, வரியோடு பூட்டியது. 1982-ல் சர்வதேசத் தரமானது.