கைக்குழந்தை, அலுவலக வேலை, சத்துமாவுத் தொழில்: எதை விடுவது?

கேள்வி: கோவையில் பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில், கணக்குப் பிரிவில் நான்கரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதம் 28,000 ரூபாய் கைக்கு வருகிறது. இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே சத்துமாவு தயாரித்து வாட்ஸ்அப் வழியாக விற்றும் வருகிறேன். மாதம் 40 கிலோ போகிறது. கிலோ 400 ரூபாய்க்கு விற்றால் 150 ரூபாய் லாபம் நிற்கிறது. இப்போது என் முதல் குழந்தைக்கு நான்கு மாதம். பேறுகால விடுப்பு முடிய ஐந்து வாரங்களே உள்ளன. கணவர் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மாமியார் உடன் இருந்தாலும், மூட்டுவலியால் அவரால் குழந்தையை நெடுநேரம் தூக்கி வைத்திருக்க முடியாது. மூன்றையும் தொடர முடியுமா, அல்லது வேலையை விட்டுவிட்டுத் தொழிலைப் பெருக்குவது நல்லதா?

பதில்: வேலையை இப்போது விட வேண்டாம். தொழிலை மூடவும் வேண்டாம். ஆனால் குழந்தைக்கு ஒன்றேகால் வயது ஆகும்வரை அதைப் பெருக்கும் எண்ணத்தைத் தள்ளி வைத்து, இன்று அது நடக்கும் முறையை மட்டும் மாற்றுங்கள். உங்கள் கடிதத்தில் லாபக் கணக்கு இருக்கிறது, நேரக் கணக்கு இல்லை. அது இல்லாமல் எதை விடுவது என்ற கேள்விக்கு விடை காண முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கிலோவுக்கு 150 வீதம் 40 கிலோவுக்கு 6,000 ரூபாய் வருகிறது. சமையல் எரிவாயு, மாதிரிப் பொட்டலங்கள், உடைந்து திரும்பும் பார்சல்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் வீட்டுச் செலவிலேயே கரைத்துவிடுகிறோம். அவற்றுக்கு 900 ரூபாய் கழித்தால் மீதி 5,100. தானியம் கழுவி, முளைகட்டி, காய வைத்து, வறுத்து, மில்லுக்குக் கொண்டுபோய், ஆறவிட்டு, எடைபோட்டு, கூரியர் அலுவலகத்தில் நின்று, இடையிடையே வாட்ஸ்அப்பில் பதில் எழுதி முடிக்க மாதம் 60 மணி நேரமாவது ஆகும் என்று கொள்கிறேன். உங்கள் கணக்கு வேறானால் அதை வைத்துப் பாருங்கள். 60 மணி நேரத்துக்கு 5,100 ரூபாய் என்றால் மணிக்கு 85 ரூபாய். உங்கள் அலுவலகச் சம்பளத்தை 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 135 ரூபாய் வருகிறது. வருங்கால வைப்பு நிதியில் நிறுவனம் செலுத்தும் பங்கு இதில் சேரவில்லை. ஆக, கூடுதல் ஊதியம் தரும் நேரத்தை விட்டுவிட்டுக் குறைந்த ஊதியம் தரும் நேரத்தைப் பெருக்கவே நினைக்கிறீர்கள்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி), அதாவது நெடுநாள் பணிக்காக விலகும்போது நிறுவனம் தரும் தொகை, இன்னொரு காரணம். பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடிந்தால்தான் அது கிடைக்கும். சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பும் தொடர் பணியில் சேரும். நான்கு ஆண்டும் ஐந்தாம் ஆண்டில் 240 நாளும் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றுள்ளது. ஆயினும் வழக்குப் போட்டு வாங்குவதைவிட இன்னும் ஆறு மாதம் பணியில் நீடிப்பது எளிது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுக்குச் சுமார் 52,000 ரூபாய் வரும். உங்கள் தொழிலின் பத்து மாத வருமானம் அது.

அடுத்த ஐந்து வாரங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நிறுவனம் அனுமதித்த பேறுகால விடுப்பின்போது வேறொரு நிறுவனத்தில் வேலை செய்தால், அந்தக் காலத்துக்கான பேறுகாலப் பயனை இழக்க நேரும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டுச் சமையலறையை நிறுவனம் என்று சொல்ல முடியுமா என்பது வாதத்துக்குரியதுதான். ஆனால், உங்கள் மேலாளரும் பார்க்கக்கூடிய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விடுப்பு நாட்களில் ‘இன்று வறுத்த மாவு தயார்’ என்று போடுவது, அந்த வாதத்தைத் தொடங்க நீங்களே வழிசெய்து தருவதாகும். விடுப்பு முடியும்வரை ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வையுங்கள். கூடவே நியமன ஆணையை எடுத்து, வேறு தொழில் செய்யக் கூடாது என்றோ முன் அனுமதி பெற வேண்டும் என்றோ நிபந்தனை உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், உணவுப் பொருள் விற்பது நிறுவனத்தின் தொழிலோடு எந்த வகையிலும் போட்டியிடுவதல்ல என்பதைச் சொல்லி எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது உங்களுக்கு உள்ள உரிமைகளை முன்பு 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டமும், 2017இல் வந்த அதன் திருத்தமும் தந்தன; இப்போது அவற்றை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு தருகிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு உண்டு என்பது பரவலாகத் தெரியும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பாலூட்டுவதற்கென நாளுக்கு இரண்டு இடைவேளைகள் உண்டு என்பதைப் பலர் கேட்டு வாங்குவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். பணியின் தன்மை இடம் கொடுத்தால், இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி, விடுப்புக்குப் பிறகும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இந்தக் கடைசி வசதி உரிமை அல்ல, பேசிப் பெற வேண்டிய ஒன்று. ஆகவே ‘வீட்டிலிருந்து வேலை வேண்டும்’ என்று பொதுவாகக் கேட்காமல், மாத இறுதிக் கணக்கு முடிக்கும் வாரத்தில் முழுவதும் அலுவலகம் வருவேன், மற்ற வாரங்களில் இரண்டு நாள் வீட்டிலிருந்து பில் பதிவும் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பும் செய்வேன் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். கணக்கு வேலைக்கு இது பொருந்தும்.

நீங்கள் திரும்பும்போது குழந்தைக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. எனவே அந்த ஒரு மாதத்துக்குச் சேர்த்து வைத்த விடுப்பையோ வீட்டிலிருந்து வேலையையோ கேட்பதற்கு முதலிடம் கொடுங்கள். அது கிடைக்காவிட்டால் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். 25 டிகிரி வெப்பம் வரையான அறையில் நான்கு மணி நேரமும், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரையும் அது கெடாது. கோவையின் பகல் பெரும்பாலும் 25 டிகிரியைத் தாண்டும் என்பதால் பீய்ச்சிய உடனேயே பெட்டியில் வைப்பதே சரி. வீட்டிலிருந்து வேலை கிடைத்தாலும் அந்த நேரத்தில் பொட்டலம் போட உட்கார வேண்டாம். அது நிறுவனத்தின் நேரம்.

இனி தொழில். சத்துமாவுக்கு உங்கள் கை உண்மையில் எங்கே தேவைப்படுகிறது? தானியம் தேர்ந்தெடுப்பதிலும், அளவிலும், வறுவல் பதம் பார்ப்பதிலும், கடைசியில் மணமும் ஈரமும் சோதிப்பதிலும்தான். கழுவுவதற்கும் காய வைப்பதற்கும் கிளறுவதற்கும் பொட்டலத்தை ஒட்டுவதற்கும் வேறு கை போதும். மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இந்த வேலையில் தேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். நீங்கள் சிறிய வாணலியில் பல தடவையாக வறுப்பதை, பெரிய இரும்புச் சட்டியில் பழகிய ஒருவர் மாதம் 20 மணி நேரத்தில் முடித்துவிடுவார் என்றும், அவருக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் வீதம் 1,600 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் நேரம் 60 மணியிலிருந்து 25 மணியாகக் குறையும். 5,100இல் 1,600 போக 3,500 நிற்கும். கையில் வரும் தொகை குறைந்தாலும், மணிக்கு 85 ரூபாயாக இருந்தது 140 ஆகிவிட்டது, மாதம் 35 மணி நேரமும் குழந்தைக்கும் உறக்கத்துக்கும் திரும்பக் கிடைத்தது. பிறகு விலையை 440 ஆக்கி, விற்பனை குறையாமல் இருந்தால், பழைய 5,100 ரூபாயே 25 மணி நேரத்தில் வந்துவிடும். இரண்டு ஆண்டுகளாக வாங்குகிறவர்கள் 40 ரூபாய்க்காக விலகிப் போவார்கள் என்று நான் நினைக்கவில்லை. உதவிக்கு வருபவருக்குக் கொடுக்கும் கூலியைக் குறைத்து லாபம் பார்க்க மட்டும் முயல வேண்டாம்; ஆள் மாறினால் மாவின் பதமும் மாறும்.

இதற்கு முன்னேற்பாடாக, கைப்பழக்கத்தில் இருக்கும் அளவுகளையெல்லாம் கிராம் கணக்கில் எழுதி வையுங்கள். நிலக்கடலையும் முந்திரியும் சேர்ப்பதாக இருந்தால் அளவைக் குறைவாக வையுங்கள். எண்ணெய்ப் பசை உள்ளவைதாம் முதலில் சிக்கு வாடை அடிக்கும், மாவு திரும்பி வருவதற்கும் அதுவே பெரும்பாலும் காரணம். பூசணம் பிடித்த கடலை ஒன்றிரண்டு இருந்தாலும் மொத்தத்தையும் ஒதுக்கிவிட வேண்டும். அரைத்த மாவு முழுவதும் ஆறாமல் பையில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும். அவசரத்தில் நடக்கும் தவறு இதுதான். குழந்தை அழும் வேளையில் பொட்டலம் போடுபவருக்கு அவசரம் எப்போதும் இருக்கும். ஆகவே நாளுக்கு நாள் ஆர்டர் எடுக்கும் வழக்கத்தை நிறுத்தி, புதன்கிழமை இரவோடு ஆர்டரை முடித்து, உதவியாளர் வரும் சனிக்கிழமை வறுத்து அரைத்து, ஞாயிறு பொட்டலமிட்டு, திங்கள் காலை கூரியரில் சேர்த்துவிடும் ஒழுங்குக்கு வாருங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் இந்த நாட்களைக் குறிப்பிடும் தானியங்கிப் பதிலை வைத்துவிட்டால் பாதிக் கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும். வறுவல் உங்கள் சமையலறையிலேயே நடக்கட்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இடத்துக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. வேறு வீட்டில் தயாரிக்க வேண்டுமானால் அந்த இடத்துக்கும் பதிவு தேவை. பதிவு எடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மற்றெதற்கும் முன்னால் அதைச் செய்து, 14 இலக்கப் பதிவு எண்ணைப் பொட்டலத்தின் மேல் அச்சிடுங்கள்.

பொட்டலத்தைப் பற்றி நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தாயான பிறகு இத்தொழிலில் இருப்பவர்கள் இயல்பாகச் செய்வது, தம் குழந்தையின் படத்தைப் பொட்டலத்தில் போட்டு, ‘6 மாதம் முதல் கொடுக்கலாம்’ என்று எழுதுவது. 1992ஆம் ஆண்டின் குழந்தைப்பால் மாற்றுப் பொருட்கள், பாலூட்டும் புட்டிகள், குழந்தை உணவுகள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. அத்தகைய உணவின் பொட்டலத்தில் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருக்கக் கூடாது. மீறல் தண்டனைக்குரிய குற்றம். தாய்மார்கள் குழுவில் ‘என் மகளுக்கும் இதைத்தான் கொடுக்கப் போகிறேன்’ என்று அன்போடு எழுதும் வரியும் விளம்பரமாகவே கொள்ளப்படலாம். உங்கள் சத்துமாவைக் குடும்பத்துக்கான காலை உணவாக விற்பதில் இந்தச் சிக்கல் இல்லை. பொட்டலத்தில் கடலை, முந்திரி, பால் பொருள் போன்ற ஒவ்வாமை தரக்கூடியவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவையில்லை. ஆனால் வரிக்குரிய பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். கோவைக்காரர்களுக்குப் பாலக்காடு பக்கத்து ஊர்போல இருப்பதால் இது மறந்துவிடுகிறது. சம்பளத்தோடு தொழில் வருமானமும் இருப்பதால், சம்பளக்காரர்களுக்கான எளிய முதல் படிவத்தில் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய முடியாது. உத்தேச வருமான முறையைத் தேர்ந்தால் வங்கி, யுபிஐ வழி வந்த விற்பனையில் 6 சதவீதத்தையும் ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தையும் வருமானமாகக் காட்டினால் போதும், உண்மை லாபம் அதைவிடக் கூடுதலானால் அதையே காட்ட வேண்டும். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கும் தனி கியூஆர் குறியீடும் வைத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம். அதற்குக் கட்டணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசின் தளமல்ல.

வீட்டைப் பொறுத்தவரை, மாமியாரின் மூட்டுவலியை அறிந்து எழுதியிருக்கிறீர்கள். கணவரின் பங்கு என்ன என்று ஒரு வரிகூட இல்லை. ஷிப்ட் வேலைக்கு ஒரு வசதி உண்டு, சில பகல்கள் அவர் வீட்டில் இருப்பார். அந்தப் பகல்களில் குழந்தையைக் குளிப்பாட்டுவது முதல் உறங்க வைப்பது வரை முழுவதும் அவர் பொறுப்பாகட்டும். மாமியார் பக்கத்தில் இருந்து சொல்லித் தரட்டும். கூரியரில் சேர்ப்பதும் மாவு மில்லுக்குப் போவதும்கூடக் கணவர் கையில் இருக்கலாம். உறக்கம் கிடைத்தும் உங்களுக்குச் சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அதை வேலைப்பளு என்று தள்ளாமல் மருத்துவரைப் பாருங்கள்.

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்போது இந்தக் கணக்கை மறுபடி எடுத்துப் பாருங்கள். அதற்குள் பணிக்கொடைக்கான ஐந்து ஆண்டும் முடிந்திருக்கும். உதவியாளருக்குக் கூலி கொடுத்த பிறகு, உங்கள் சொந்த உழைப்புக்குத் தொழில் தொடர்ந்து ஆறு மாதம் மணிக்கு 135 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்து, அதன்பின் பெருக்கியதில் விற்பனை மாதம் 120 கிலோவை நெருங்கி, ஆறு மாத வீட்டுச் செலவும் கையிருப்பில் இருந்தால் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். அப்போது பெரிய வறுக்கும் இயந்திரத்துக்குக் கடன் தேவைப்பட்டால், ஈடு கேட்காத முத்ரா கடனில் 50,000 ரூபாய் வரையான சிசு பிரிவில் தொடங்குவதே போதும். கோவை மாவட்டத் தொழில் மையத்தில் மானியத் திட்டங்களையும் கேளுங்கள். விலகுவதற்கு முன், அலுவலகக் குழு மருத்துவக் காப்பீடு முடியும் நாளுக்குள் குழந்தையையும் சேர்த்துத் தனிப் பாலிசி எடுத்துவிட வேண்டும்.