பிடித்துவிடு

கேள்வி: தலைவலி வந்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தச் சொல்கிறார்கள். நானும் எவ்வளவோ பலமாக அழுத்திப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. சரியான புள்ளி எது?

பதில்: புள்ளி சரிதான். ‘எவ்வளவோ பலமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். தமிழில் இந்த வேலைக்கு எத்தனை சொல் பாருங்கள்: அழுத்து, அமுக்கு, நீவு, வருடு, உருவு, பிசை. ஒவ்வொன்றுக்கும் கை வேறு மாதிரி போகும். எனக்குப் பிடித்த சொல் ‘பிடித்துவிடு’. அதில் ‘விடு’ வெறும் துணைவினை என்பார்கள் இலக்கணக்காரர்கள். கால் பிடித்துப் பழகிய கைக்கு அப்படியில்லை. பிடித்த அளவுக்கு விடவும் வேண்டும். நீங்கள் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு ஒட்டி வையுங்கள். சதை மேடாக எழும்பும். அதன் உச்சிதான் சீனர்கள் ‘ஹெகு’ என்கிற இடம். இப்போது அந்தக் கையைத் தளர்த்திவிட்டு, மறு கையின் கட்டைவிரலால் ஆள்காட்டி விரல் எலும்புப் பக்கமாக மெல்ல அழுத்துங்கள். மந்தமாக ஒரு கடுப்பு தெரிந்ததும் அதற்கு மேல் போகாதீர்கள். நாலைந்து மூச்சு, அப்புறம் விடுங்கள். இப்படியே அழுத்தி, விட்டு, இரண்டு மூன்று நிமிடம் செய்தால் போதும். நகத்தடம் பதிந்தால் அதிகம். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினால் தாடையும் தோளும் இறுகி, இருக்கிற தலைவலிக்குத் துணை சேரும்.

இடித்துக்கொண்ட முட்டியைக் கை தானாகத் தேய்த்துவிடுகிறது அல்லவா? தொடு உணர்ச்சி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். அதற்கு முரட்டு பலம் வேண்டியதில்லை.

சரி, என் பழைய வழக்குக்கு வருகிறேன். சிறுநீரகம் இங்கே, கல்லீரல் அங்கே என்று வண்ணம் பூசிய பாதப் படத்தை ஆதிகாலத்துச் சீன ரகசியம் என்று விற்கிறார்கள். இன்று புழங்கும் அந்தப் படத்துக்கு 1930களில் உருவம் கொடுத்தவர் யூனிஸ் இங்காம் என்ற அமெரிக்கப் பெண்மணி. பாதத்தை அழுத்தினால் சுகமாக இருக்கும், அது நிஜம். அதை வைத்துச் சிறுநீரகத்துக்கு நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்துத்தான் இவ்வளவு கோபம்.

கர்ப்பிணிகள் ஹெகுவைத் தொட வேண்டாம் என்பது புள்ளிகளை அழுத்தும் இந்தச் சீன முறையிலேயே உள்ள பழைய எச்சரிக்கை, மதியுங்கள். இடி விழுந்தது போலத் திடீரென்று தலை வலித்தாலோ, கூடவே பேச்சு குழறினாலோ புள்ளி தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மற்றபடி, அடுத்த முறை நகத்தை வெட்டிவிட்டு, இப்போது அழுத்துவதில் பாதி பலத்தோடு அழுத்திப் பார்த்து எழுதுங்கள்.