டார்க் வந்துருச்சு, ஆனா போல்ட் பிடிச்சுருச்சா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, எனக்கு ஊரு தங்கச்சிமடம். டிப்ளமோ முடிச்சுட்டு ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில டிரெய்னியா சேந்துருக்கேன். பிரேக் கேலிப்பர் (சக்கரத்தோட டிஸ்க்கப் பிடிச்சு வண்டிய நிறுத்துற பாகம்) போல்ட் போடுற ஸ்டேஷன். சொன்ன டார்க் (போல்ட்ட இறுக்குற திருப்பு விசை) வந்துருச்சுன்னு ஸ்கிரீன்லயே காட்டுது, அப்படியும் சில நேரம் சிவப்பு லைட் எரிஞ்சு லைன் நின்னுருது. டார்க் சரியா இருக்கறப்ப மெஷின் ஏன் வேணாங்குது? லூஸ் பண்ணி திரும்ப அடிச்சா பச்சை வந்துரும்னு சொல்றாங்க, அது சரியா?

பதில்: தம்பி, அப்படி அடிச்சுப் பச்சை வாங்காதீங்க, முதல்ல அந்த போல்ட்டக் கழட்டி கையில எடுத்துப் பாருங்க. நீங்க குடுக்கற திருப்பு விசையில ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில உரசலுக்கே போயிருது, இன்னொரு 40 சதவீதம் மரைக்குள்ள உரசலுக்குப் போகுது, மிச்சம் 10 சதவீதம்தான் போல்ட்ட இழுத்து நீட்டுது. அந்த நீட்சிதான் கேலிப்பரப் பிடிச்சு நிறுத்துது. படகுத்துறையில படகக் கட்டுற கயிறு மாதிரிதான், எத்தன சுத்து சுத்துனோம்ங்கறது கணக்கில்ல, கயிறு இழுத்துப் பிடிக்குதாங்கறதுதான் கணக்கு.

ஒரு எம்12 (12 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டுக்கு 100 நியூட்டன் மீட்டர் டார்க் குடுக்கறோம்னு வைங்க. எண்ணெய் படாத சாதா மரையா இருந்தா சுமாரா 4 டன் பிடிப்பு வரும், அதே மரையில எண்ணெய் பட்டுருந்தா அஞ்சரை டன் வரைக்கும் போயிரும், துரு ஏறியிருந்தா 3 டன்னே வராது. மூணுக்கும் ஸ்கிரீன்ல 100தான் காட்டும்! அதனாலதான் உங்க நட்ரன்னர் (போல்ட் இறுக்குற மெஷின்) டார்க்கோட சேத்து எத்தன டிகிரி திரும்புச்சுன்னும் பாக்குது. கொஞ்ச டிகிரியிலயே டார்க் வந்துருச்சுன்னா மரை கோணலா ஏறியிருக்கலாம், மரையில பெயிண்ட்டோ பிசிறோ கெடக்கலாம், நீளமான போல்ட் மாறி வந்து ஓட்டையோட அடியில முட்டியிருக்கலாம், இல்ல ஏற்கனவே டைட் பண்ண போல்ட்டையே இன்னொரு தடவ அடிச்சுருக்கலாம். டிகிரி ஓவரா போச்சுன்னா போல்ட் இழுபட்டு அதோட பலம் போயிருக்கும், இல்ல மரை உரிய ஆரம்பிச்சுருக்கும். இதுல எதையும் டார்க் நம்பர் மட்டும் காட்டிக் குடுக்காது.

ஜெர்மன் இன்ஜினியர்கள் சங்கத்தோட விடிஐ 2862ங்கற வழிகாட்டியில, கழண்டா உயிருக்கே ஆபத்துங்கற இணைப்புகள ஏ வகுப்புன்னு தனியா வச்சுருக்காங்க. பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட்லாம் அந்த ரகம்தான். அங்க ஒரே அளவ நம்பக்கூடாது, டார்க் அளவ வச்சு இறுக்குறத நிறுத்துனா, எத்தன டிகிரி திரும்புச்சுங்கற கோணத்தையும் சேத்துக் கண்காணிக்கணும். அதனால சிவப்பு வந்தா கழட்டணும், மரையப் பாக்கணும், புது போல்ட் போடணும், அதுக்கும் சிவப்புன்னா வண்டிய ரீவொர்க்குக்கு (தனியா வச்சு சரிபண்ற இடத்துக்கு) அனுப்பணும். அடுத்த போல்ட்டும் அதே மாதிரி வந்துச்சுன்னா அந்தப் பெட்டியில ஒண்ணா வந்த போல்ட் லாட்டையே சந்தேகப்படுங்க, ஏன்னா போல்ட் மேல இருக்கற கோட்டிங் மாறுனா உரசலும் மாறிரும். லைன் நிக்குதேன்னு யாராவது அவசரப்படுத்துனா குவாலிட்டி ஆளக் கூப்பிடுங்க, அந்த வண்டியில நாளைக்கு ஒரு குடும்பம் போகப்போகுது.

கேள்வி: தேவிபட்டினத்துல வேன் ஓட்டுறேன், நவபாஷாணம், ராமேஸ்வரம், தனுஷ்கோடின்னு யாத்திரைக்காரங்கதான் சவாரி. உப்புக்காத்துல வீல் நட் துருப்பிடிச்சு கழட்டவே வர்றதில்ல. கிரீஸ் தடவி டைட் பண்ணலாமா?

பதில்: வேணாம்ணே. மேல சொன்ன கணக்குதான், மேனுவல்ல போட்டுருக்கற டார்க் பெரும்பாலும் எண்ணெய் படாத மரைக்கு உள்ளது, கிரீஸ் தடவிட்டு அதே டார்க்குல இறுக்குனா ஸ்டட் (நட் ஏறுற மரைக்கம்பி) அளவுக்கு மீறி இழுபடும். கம்பி பிரஷ்ஷால மரையத் தேச்சு விடுங்க, சக்கரம் உக்கார்ற ஹப் முகத்துல இருக்கற துருவயும் மண்ணையும் சேத்துத் தேச்சு எடுத்துருங்க, அத நிறையப் பேரு விட்டுர்றாங்க. துரு அங்கயே இருந்தா ஓட ஓட அது நசுங்கி, இறுக்குன பிடிப்பு தன்னால குறையும். நட்ட முதல்ல கையால ஏத்துங்க, அப்புறம் எதிரெதிரா மாத்தி மாத்தி ரெண்டு தடவையா இறுக்குங்க. பஞ்சர் கடையில ஏர் கன்ன வச்சு அடிச்சு விட்டா அது எவ்வளவு டார்க்னு அடிச்சவருக்கே தெரியாது, டார்க் ரெஞ்ச் (வச்ச அளவு வந்ததும் கிளிக்னு சொல்ற ஸ்பானர்) கேட்டு வாங்கிப் போடுங்க. 50, 100 கிலோமீட்டர் ஓடுனதும் ஒரு தடவ செக் பண்ணிருங்க. மரை அரிச்சுப் போயிருந்தா ஸ்டட்டயே மாத்திருங்க, ஆளுங்கள ஏத்துற வண்டி.

கேள்வி: தம்பி, நான் கீழக்கரை. மகன் கார் கம்பெனியில டார்க் ரெஞ்ச செக் பண்ற வேலையில இருக்கான். நாள் பூரா அது ஒண்ணுதானாம், அதெல்லாம் ஒரு வேலையான்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க.

பதில்: அக்கா, ரொம்பப் பெரிய வேலை. ரெஞ்ச் கொஞ்சங்கொஞ்சமா அளவு மாறும், வெளியில தெரியாது, கிளிக் சத்தம் எப்பவும் போலதான் வரும். கம்பெனி வேற கணக்கு வைக்கலன்னா வருஷத்துக்கு ஒரு தடவ, இல்ல 5000 தடவ இறுக்குனதுக்கப்புறம், இதுல எது முந்தி வருதோ அப்ப சோதிக்கணும்னு டார்க் ரெஞ்சுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6789 சொல்லுது. லைன்ல 5000 சில நாள்லயே வந்துரும். உங்க மகன் ஒரு ரெஞ்ச விட்டுட்டார்னா அந்த ரெஞ்ச் தொட்ட அத்தன சீட் பெல்ட் போல்ட்டும் சந்தேகம்தான். ஒவ்வொரு போல்ட்டோட டார்க்கும் வண்டியோட சேஸிஸ் நம்பரோட பதிவாகியிருந்தா எந்தெந்த வண்டின்னாவது தேடிப் பிடிக்கலாம். சொந்தக்காரங்ககிட்ட இதச் சொல்லுங்க.

கேள்வி: கழட்டுன போல்ட்டையே திரும்பப் போடலாமா? (ராமநாதபுரம், மெக்கானிக்)

பதில்: மேனுவல்ல "இவ்வளவு டார்க், அப்புறம் 90 டிகிரி"ன்னு போட்டுருந்தா சந்தேகமே வேணாம், புதுசு வாங்கிருங்க. இஞ்சின் ஹெட் போல்ட் நிறைய அந்த வகைதான், ஒரு தடவ நல்லா இழுபட்டதால திரும்ப அதே பிடிப்பு வராது. நைலான் வளையம் வச்ச நட்டும், மரையில பசை பூசி வர்ற போல்ட்டும் அப்படித்தான். பிரேக், ஸ்டீயரிங்னா மேனுவல் என்ன சொல்லுதோ அத மீறாதீங்க. கஸ்டமர் காசு கூடன்னு சொன்னா பழைய போல்ட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சு நீளத்த அளந்து காட்டுங்க, சில சமயம் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், தெரியலன்னாலும் புதுசயே போடுங்க.